எல்லாப் பாட்டும் பிடித்த பிள்ளை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் மகளுக்கு நான்கு வயது நிறைந்து சில மாதங்கள் ஆகின்றன. நாதசுரத்தில் வாசிக்கப்படும் மல்லாரி, முரசுகள் இடியாக இறங்கும் ஹெவி மெட்டல், பல்கேரியப் பெண்களின் குழுப்பாடல், நான் பிறப்பதற்கு முன்பே வெளிவந்த மெல்லிசைப் பாடல்கள், மேற்கு ஆப்பிரிக்காவின் தந்திக் கருவியான கோரா, தென் சைபீரியாவில் வாழும் துவா மக்களின் தொண்டைப் பாட்டு என ஒரே நாளில் அவள் கேட்டு வாங்கும் இசையைக் கண்ட உறவினரும் நண்பர்களும், சிறு பிள்ளைகளை வளர்த்துவரும் பிற பெற்றோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் இசை பயின்றவன் அல்லன். அவளுடன் அமர்ந்து கேட்டதிலிருந்தும், குழந்தைகளின் செவிப்புலன் பற்றி அதன் பிறகு தேடி வாசித்ததிலிருந்தும் அறிந்துகொண்டவற்றையே எழுதுகிறேன்.

இவ்வளவு விதமான இசை ஒரு சிறு பிள்ளைக்கு உண்மையிலேயே பிடிக்கிறதா? பெற்றோர் தம் ஆசையைப் பிள்ளையின் மேல் ஏற்றிச் சொல்வதாகாதா?

இந்த ஐயம் எனக்கும் நெடுநாள் இருந்தது. அதைத் தீர்த்து வைத்தவை அவள் சொற்கள் அல்ல, அவள் உடல்தான். 5 மாதம் முதல் 2 வயது வரையிலான குழந்தைகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஓர் ஆய்வில், பேச்சைக் கேட்டபோது இருந்ததைவிட, இசையையோ வெறும் தாளத்தையோ கேட்டபோது அவர்கள் கைகால்களைச் சீரான அசைவோடு கூடுதலாக ஆட்டியதும், அசைவு தாளத்தோடு நன்கு பொருந்திய குழந்தைகள் கூடுதலாகப் புன்னகைத்ததும் பதிவாகியிருக்கின்றன. பேச்சு வருவதற்கு முன்பே பிள்ளைக்கு இசை பிடித்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

எங்கள் வீட்டில் ஒவ்வோர் இசைக்கும் அவளிடம் ஒவ்வோர் உடல்நிலை உண்டு. மல்லாரி ஒலித்தால் அறையைச் சுற்றி மெல்ல நடப்பாள். கோராவுக்குக் குப்புறப் படுத்துக்கொள்வாள். ஹெவி மெட்டலுக்கு ஆடுவாள் என்று எதிர்பார்த்தேன். ஆனால் அசையாமல் நின்று, இரு கைகளையும் இறுக மூடிக்கொண்டு, மிகுந்த பொறுப்புள்ள ஒரு வேலையைச் செய்பவளைப் போன்ற முகத்தோடு கேட்கிறாள். இவற்றில் எதையும் நாங்கள் சொல்லித் தரவில்லை. பிடிக்காததையும் அவள் ஒளித்து வைப்பதில்லை. நீண்ட சாக்சபோன் தனிவாசிப்பு தொடங்கினால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாள். எனக்கு மிகவும் பிடித்த இசை அது என்பதால், அவளுடைய மறுப்பு என் ஆசையின் நிழல் ஆகாது என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

பெரியவர்களுக்கு அந்நியமாகத் தோன்றும் இசை சிறு பிள்ளைகளுக்கு ஏன் எளிதாகப் பிடித்துவிடுகிறது?

அவர்களுக்கு எதுவும் இன்னும் அந்நியமாகவில்லை என்பதே காரணம் என்று நினைக்கிறேன். இதைத் தாளத்தை வைத்துத் தெளிவாக விளக்கலாம். பல்கேரியா, மாசிடோனியா உள்ளிட்ட பால்கன் பகுதியின் நடனப் பாடல்களில் ஏழு அடிகளை இரண்டு, இரண்டு, மூன்று எனப் பிரிக்கும் தாளங்கள் இயல்பாக வரும். நம் மிச்ர சாபு தாளத்தின் ‘தகிட தகதிமி’யை அறிந்தவர்களுக்கு ஏழு ஓர் எண்ணாகவே தோன்றாது, அது ஒரு நடையாகக் காதில் இருக்கும். இரண்டிரண்டாகவும் நான்கு நான்காகவும் எண்ணியே வளர்ந்தவர்களுக்கோ அத்தகைய பாடலில் ஓரடி சிதைந்தால்கூடப் பிடிபடுவதில்லை.

எரின் ஹானன், சாண்ட்ரா டிரஹப் என்னும் இரு ஆய்வாளர்கள் 2005இல் இதைக் குழந்தைகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். வட அமெரிக்காவில் வளர்ந்த பெரியவர்கள் தங்களுக்குப் பழகிய எளிய தாளத்தில் நேர்ந்த மாற்றத்தை உணர்ந்தார்கள். பால்கன் தாளத்தில் நேர்ந்ததை உணரவில்லை. அதே சூழலில் பிறந்த 6 மாதக் குழந்தைகள் இரண்டையும் உணர்ந்தார்கள். 12 மாதத்தில் அந்தத் திறன் பெரியவர்களைப் போலவே ஒருபக்கம் சாயத் தொடங்கியிருந்தது. ஆனால் அந்த வயதுக் குழந்தைகளுக்கு வீட்டில் இரண்டு வாரம் பால்கன் இசையைக் கேட்கச் செய்தபோது, மூடத் தொடங்கிய கதவு மீண்டும் திறந்தது. பெரியவர்களுக்கு அதே அளவு பழக்கம் போதவில்லை.

இதை வாசித்த அன்று மாலை ஏழடி நடனப் பாடல் ஒன்றை ஒலிக்கவிட்டு நானும் அவளும் கைதட்டிப் பார்த்தோம். நான் எண்ணி எண்ணித் தடுமாறினேன். அவள் எண்ணவே இல்லை. மூன்றாக நீளும் கடைசிப் பிரிவு வரும்போதெல்லாம் ஒரு முறை குதித்தாள், அவ்வளவுதான். என் தாளத்தை அன்று அவளுடைய குதிப்பை வைத்தே சரி செய்துகொண்டேன்.

இந்த விரிந்த ரசனை எத்தனை வயது வரை நீடிக்கும்?

இளம் பிள்ளைகள் பழகாத, விதிமுறைக்கு அடங்காத இசையையும் தயக்கமின்றி ஏற்கும் இயல்பைக் குறிக்க, ‘திறந்த காது’ என்று பொருள்படும் சொல்லை உளவியலாளர் டேவிட் ஹார்கிரீவ்ஸ் 1982இல் அறிமுகப்படுத்தினார். ஏறக்குறைய பத்து வயதை ஒட்டி அந்த இயல்பு குறையத் தொடங்கி, வளரிளம் பருவத்தில் நண்பர்களின் விருப்பமும் ‘இது எங்கள் பாட்டு’ என்ற அடையாள உணர்வும் மேலோங்கும் என்பது பின்வந்த ஆய்வுகளின் பொதுவான போக்கு. அது குறையும் நாள் வந்தால் அதுவும் அவள் வளர்ச்சியே. ஆனால் இந்த ஆண்டுகள் எல்லையுள்ளவை என்று அறிந்ததிலிருந்து, அவள் ஒரு பாட்டைக் கேட்கும்போது “நாளைக்குப் போடலாம்” என்று நான் சொல்வது வெகுவாகக் குறைந்திருக்கிறது.

எந்தப் பருவத்தில் எதை எதிர்பார்க்கலாம்?

நம் பழம்புலவர்களுக்கு இந்த வரிசை நன்றாகத் தெரிந்திருக்கிறது. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில், நாவை அசைத்துப் பாடும் பாட்டைக் குழந்தை கேட்கும் தால் பருவம் முன்னே வரும். இரு கைகளையும் சேர்த்துக் கொட்டச் சொல்லும் சப்பாணிப் பருவம் அதை அடுத்து வரும். ஆண்பாற் பிள்ளைத்தமிழாயின், கையில் கோலெடுத்துச் சிறு பறையை முழக்கும் பருவம் கடைசி மூன்றில் ஒன்றாக வரும். முதலில் கேட்டல், பிறகு தன் உடம்பில் தாளத்தைக் காணல், பிறகு ஒரு கருவியைத் தேடல் என்ற இந்த ஒழுங்கை எங்கள் வீட்டிலும் அப்படியே கண்டோம். பெண்பாற் பிள்ளைத்தமிழில் சிறுபறைக்கு இடமில்லை. எங்கள் மகள் ஒரு தகர டப்பாவையும் இரண்டு மரக் கரண்டிகளையும் எடுத்துக்கொண்டு அந்தப் பருவத்தைத் தானாகவே சேர்த்துக்கொண்டாள்.

பாட்டைப் பொறுத்தவரை, ஒன்றரை வயதை ஒட்டிப் பல குழந்தைகள் தாமாக ஏதோ ஒன்றை முனகிப் பாடத் தொடங்குவார்கள். இரண்டு, மூன்று வயதில் அறிந்த பாடல்களின் துண்டுகளை ஒட்டிப் புதிய பாட்டு ஒன்றைக் கட்டுவார்கள். அவளுடைய மூன்றாம் வயதில் ஒரு நாள், தாலாட்டின் முதல் அடியில் தொடங்கி, மெட்டல் முரசின் ‘டுகுடுகுடுகு’வுக்குத் தாவி, எந்த மொழியிலும் இல்லாத சொற்களால் முடித்த ஒரு நீண்ட பாட்டைக் கேட்டேன். அவள் அதுவரை கேட்டவை அனைத்தும் அதில் ஒரே வீட்டில் குடியிருந்தன.

ஒரே பாட்டை நாள் முழுவதும் கேட்கிறாள். இதை அனுமதிக்கலாமா?

தாராளமாக அனுமதிக்கலாம். பழகப் பழக ஒரு பொருள் பிடித்துப்போகும் என்பது உளவியலில் 1968 முதல் நன்கு அறியப்பட்ட செய்தி. ஆனால் பிள்ளைகள் ஒரே பாட்டை மீண்டும் மீண்டும் கேட்பதற்கு அது மட்டுமே காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் ஒவ்வொரு முறையும் வேறொன்றைக் கேட்கிறார்கள்.

பழைய மெல்லிசைப் பாடல் ஒன்றை அவள் தொடர்ந்து ஒன்பது நாள் கேட்டாள். முதல் சில நாட்கள் பாடகியின் குரலோடு சேர்ந்து இழுத்தாள். பிறகு இடையில் வரும் வயலின்களுக்காகக் காத்திருந்து கையை வீசினாள். ஏழாவது நாள், “அப்பா, பின்னாடி ஒருத்தர் மெதுவா நடந்துக்கிட்டே இருக்கார், கேக்குதா?” என்றாள். எனக்குக் கேட்கவில்லை. மீண்டும் போடச் சொல்லி, என் கையைப் பிடித்து, அந்த நடைக்கு ஏற்பத் தரையில் தட்டிக் காட்டினாள். அது தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டார். இருபது ஆண்டுகளாக நான் மனப்பாடமாக அறிந்த பாடலில், குரலுக்கு அடியில் ஒருவர் இப்படி நடந்துகொண்டிருந்ததை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அவள் ஒன்பது நாளில் செய்ததை நான் இருபது ஆண்டுகளில் செய்யவில்லை.

அதே பாடலை வேறொருவர் பாடினால் ஏற்க மறுப்பது பிடிவாதமா?

பிடிவாதம் இல்லை, துல்லியமான நினைவு. ஆறு மாதக் குழந்தைகளுக்கு ஒரு மெட்டை ஒரு வாரம் கேட்கச் செய்த ஆய்வு ஒன்று 2004இல் வெளியானது. அந்தக் குழந்தைகள் மெட்டை மட்டுமின்றி, அது எந்த வேகத்தில், எந்தக் கருவியின் ஒலியில் இருந்தது என்பதையும் சேர்த்தே நினைவில் வைத்திருந்தார்கள். பெரியவர்கள் மெட்டைத் தனியே பிரித்தெடுத்து ‘அதே பாட்டுதான்’ என்கிறோம். பிள்ளைக்கோ குரலும் வேகமும் சேர்ந்ததுதான் பாட்டு. “இது அது இல்லை” என்று அவள் சொல்லும்போது அவள் சொல்வதே சரி.

பொருள் புரியாத மொழிகளில் பாட்டுக் கேட்பதால் என்ன பயன்?

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் சற்றும் பழகாத மொழிகளில், பழகாத பண்பாடுகளிலிருந்து எடுத்த தாலாட்டுகளையும் பிற பாடல்களையும் ஒலிக்கச் செய்து பார்த்தபோது, தாலாட்டைக் கேட்கையில் அவர்களின் இதயத்துடிப்பு கூடுதலாகத் தணிந்தது. தாலாட்டு என்பதைச் சொல் தெரியாமலேயே குழந்தை அறிந்துகொள்கிறது. நாம் தாலாட்டுப் பாடும்போதுகூட அந்த வயதில் நம் மொழியும் அதற்குப் புரிவதில்லை. எல்லாப் பாட்டுமே அதற்கு ஒரு காலத்தில் புரியாத மொழியில்தான் தொடங்குகிறது.

இப்படி எல்லாவற்றையும் கலந்து கேட்டால் குழப்பம் வராதா?

இதைத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகக் கேட்கிறார்கள். இதற்கு நான் அவளுடைய வகைப்பாட்டையே பதிலாகச் சொல்வேன். நாம் இசையை ஊர், காலம், மொழி, கேட்பவர் யார் என்பதை வைத்துப் பிரித்து அடுக்குகிறோம். அவளுக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது. ஆயினும் அவளிடம் பிரிவுகள் இருக்கின்றன, அவற்றில் ஒழுங்கும் இருக்கிறது.

கோரா, வீணை, ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் எழுதிய தனிச் செல்லோ இசை ஆகிய மூன்றும் அவளுக்குப் ‘படிக்கட்டுப் பாட்டு’. கோரா 21 தந்திகள் கொண்டது. அதன் சுரங்கள் அலையலையாய் இறங்கி வரும். செல்லோ ஒற்றையாக நின்று கீழிருந்து மேலேறும். வீணையில் விரல் தண்டியில் பதித்த ஒரு மெட்டுப் பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்கு நகரும். மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டபோது படிக்கட்டு எனக்கும் கேட்டது. தொண்டைப் பாட்டு ‘பெரிய வயித்துப் பாட்டு’. ஒரே பாடகரின் தொண்டையிலிருந்து அடியில் ஓர் ஆழ்ந்த ஒலியும், அதற்கு மேலே சீழ்க்கை போன்ற இன்னோர் ஒலியும் ஒரே நேரத்தில் எழுவதால், உள்ளே இரண்டு பேருக்கு இடம் இருக்க வேண்டும் என்பது அவள் விளக்கம். பாலித் தீவின் கமலான் இசையில் இணை இணையாக உள்ள வெண்கலக் கருவிகளைச் சற்றே விலகிய சுருதிகளில் அமைப்பார்கள். ஒலி அதனால் துடித்துக்கொண்டே இருக்கும். அதற்கு அவள் வைத்த பெயர் ‘தண்ணி வெளிச்சம்’.

‘கூட்டமாப் போற பாட்டு’ என்ற பிரிவில் மல்லாரி, ஒரு பித்தளைக் கருவிக் குழு, ஜார்ஜிய நாட்டு ஆண்களின் குழுப்பாடல் ஆகியவை இருக்கின்றன. மல்லாரி என்பது இறைவன் உலாவுக்கென்றே நாதசுரத்திலும் தவிலிலும் வாசிக்கப்படுவது, அதற்குச் சொற்கள் கிடையாது. உலா என்றால் என்ன என்பதை நாங்கள் அவளுக்குச் சொன்னதில்லை. அவள் அதுவரை ஓர் உலாவையும் கண்டதில்லை. அந்த ஒலிக்குள் கூட்டம் நடப்பதை எவ்வாறு கேட்டாள் என்று இன்றும் எண்ணி வியக்கிறேன்.

1977இல் விண்ணில் ஏவப்பட்ட இரு வாயேஜர் கலங்களிலும் பொன்முலாம் பூசிய இசைத்தட்டு ஒன்று இருக்கிறது. உலகின் சார்பாக 27 இசைப் பகுதிகள், ஏறக்குறைய 90 நிமிடம். இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்கரின் குரலும், பாக்கும், ஜாவாவின் கமலானும், செனகலின் முரசும், பெருவின் குழலும், அமெரிக்க ராக் கிட்டாரும் அதில் ஒன்றை அடுத்து ஒன்றாக வருகின்றன. பூமி முழுவதையும் ஒரு தட்டில் சொல்ல வேண்டியிருந்தவர்கள் தேர்ந்த பட்டியல், எங்கள் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கேட்டு வாங்கும் பட்டியலுக்கு மிக அருகில் இருக்கிறது.

சோகமான இசையைக் கேட்டுக் கண்கலங்கினால் நிறுத்திவிட வேண்டுமா?

நான் முதலில் நிறுத்தினேன். அது தவறு என்று இப்போது நினைக்கிறேன். இசையில் மகிழ்ச்சியையும் துயரத்தையும் பிரித்தறியும்போது, ஐந்து வயதுப் பிள்ளைகள் வேகத்தையே பற்றிக்கொள்கிறார்கள்; சுர அமைப்பிலிருந்தும் அதை அறிவது ஆறு வயதுக்குப் பிறகே உறுதிப்படுகிறது. நான்கு வயதில் கண் கலங்குவது நாம் நினைக்கும் துயரமாகவே இருக்க வேண்டியதில்லை. மெதுவான வயலின் இசை ஒன்றின்போது நான் கையை நீட்டியதும் அவள், “அழுகை வருது, ஆனா நிறுத்தாதீங்க” என்றாள். அன்றிலிருந்து அருகில் மட்டும் அமர்ந்துகொள்கிறேன்.

ஹெவி மெட்டல் போன்ற உரத்த இசை காதைக் கெடுக்காதா?

கெடுப்பது ஒலியின் அளவும் கேட்கும் நேரமும். இசையின் வகைக்கு அதில் பங்கில்லை. தாலாட்டையும் கேடு தரும் அளவுக்கு உரக்க வைக்க முடியும். உலகச் சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து வகுத்த பாதுகாப்பான கேட்டல் அளவுகோல், குழந்தைகளுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 75 டெசிபல் என்கிறது. 3 டெசிபல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகும்; ஆகவே 78 டெசிபலில் 20 மணி நேரம், 81 டெசிபலில் 10 மணி நேரம். எங்கள் வீட்டில் அளவுமானி இல்லை. கையெட்டும் தூரத்தில் இருப்பவரோடு குரலை உயர்த்தாமல் பேச முடிய வேண்டும் என்பதே எங்கள் விதி. காதில் செருகும் கருவிகளை அவளுக்குத் தருவதில்லை. தாழ்ந்த ஒலியிலும் மெட்டல் மெட்டலாகவே இருக்கிறது, அவள் கைகளும் அதே இறுக்கத்தில் மூடுகின்றன.

பாட்டைக் காணொளியாகப் போடலாமா?

கூடுமானவரை ஒலியாக மட்டும். இரண்டு வயது நிறையும் வரை திரை வேண்டாம், அதன் பின் நான்கு வயது வரை நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டல். படம் ஓடினால் அவள் கண் கேட்கிறது, காது ஓய்ந்துவிடுகிறது. படிக்கட்டும் தண்ணி வெளிச்சமும் திரையிலிருந்து வந்தவை அல்ல.

இதனால் அறிவு வளருமா? மொசார்ட் கேட்டால் புத்தி கூடும் என்கிறார்களே?

1993இல் வெளியான அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் கல்லூரி மாணவர்கள். சுமார் 10 நிமிடம் மொசார்ட் இசையைக் கேட்ட பின் இடம்சார்ந்த ஒரு வகைப் புதிரில் அவர்கள் சற்றுக் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள், அந்த விளைவும் கால்மணி நேரத்துக்குள் மறைந்துவிட்டது. குழந்தை எதுவும் அதில் இல்லை. ஆயினும் 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் செவ்வியல் இசைத்தட்டு வழங்க அரசுப் பணம் கேட்கும் அளவுக்கு அந்தச் செய்தி வளர்ந்தது. என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: பிள்ளை ஒரு பாட்டில் மகிழ்வதைக் காணும்போது, அது எதற்குப் பயன்படும் என்ற கேள்வியே எனக்கு எழுவதில்லை.

இத்தனை ஆர்வம் இருக்கும்போது உடனே இசை வகுப்பில் சேர்க்கலாமே?

அவள் கேட்டால் சேர்ப்போம். இப்போதைக்கு அவள் விரும்புவது காதால் கேட்பதை மட்டுமே.

பொருத்தமில்லாத சொற்கள் கொண்ட பாடலை விரும்பினால்?

சொற்கள் அவளுக்குப் புரியத் தொடங்கும் முன், வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் வடிவத்துக்கு மாற்றிவிடுவோம். அது இல்லாத இடத்தில், தடைசெய்து அந்தப் பாட்டுக்கு ஓர் ஒளிவட்டம் தருவதைவிட, வேறொன்றை முன்வைப்பதே எளிது.

என் பிள்ளை ஒரே வகை இசையை மட்டும் கேட்கிறான். ஏதாவது குறையா?

குறை ஏதுமில்லை. அந்த ஒன்றிலேயே அவன் எதைத் தேடுகிறான் என்று உடன் அமர்ந்து கவனித்துப் பாருங்கள். முரசா, குரலா, திரும்பி வரும் ஒரு வரியா என்று தெரிந்தால், அதே பண்பு உள்ள வேறோர் இசையை வீட்டில் ஒலிக்கவிடுங்கள். கேள் என்று சொல்ல வேண்டாம். எங்கள் மகளும் கோராவை முதலில் கேட்டது அடுத்த அறையிலிருந்துதான்.

பிள்ளைக்குப் பிடித்த இசை பெற்றோருக்குப் பிடிக்கவில்லை என்றால்?

ஹெவி மெட்டலை என் இளமை முழுவதும் வெறும் இரைச்சல் என்றே ஒதுக்கியிருந்தேன். அது எங்கள் வீட்டுக்கு வந்ததே தற்செயலாக ஒரு தொகுப்பில் அடுத்து ஓடியதால்தான். நான் மாற்ற எழுந்தபோது அவள் கையைக் காட்டித் தடுத்தாள். அவள் பக்கத்தில் அமர்ந்து பலமுறை கேட்ட பின், அந்த இரைச்சலுக்குள் முரசு வாசிப்பவரின் இரு கால்களும் எவ்வளவு சீராக ஓடுகின்றன என்பதைத் தனியே கேட்க முடிந்தது. இப்போது அவள் உறங்கிய பிறகும் நான் சில வேளை அதைக் கேட்கிறேன்.

அவள் சொல்பவற்றை எழுதி வைக்கிறீர்களா?

ஆம். தொலைபேசியை நீட்டினால் பாடுவதை நிறுத்திவிடுகிறாள். ஆகவே ஒலிப்பதிவுகள் குறைவு. ஓர் ஏட்டில் தேதி, கேட்டு வாங்கிய இசை, அதற்கு அவள் வைத்த பெயர் ஆகிய மூன்றையும் எழுதுகிறேன். சென்ற வாரம் ஜப்பானிய மூங்கில் குழலான ஷாகுஹாச்சியை முதன்முறையாகக் கேட்டாள். மூச்சுக் காற்றும் சுரமும் பிரியாமல் வரும் இசை அது. மூன்று முறை திரும்பப் போடச் சொன்னாள். ஏட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, இது என்ன பாட்டு என்று கேட்டேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, “இதுக்கு இன்னும் பேர் வரலை, அப்பா” என்றாள். அந்த இடத்தை வெற்றாக விட்டிருக்கிறேன்.